பிள்ளையின் கழுத்தில் அடிபட்டால்: தூக்குவதற்கு முன்னும் பின்னும்

மாடிப்படியிலிருந்தோ ஊருணிப் படித்துறையிலிருந்தோ ஓடும் பைக்கிலிருந்தோ ஒரு பிள்ளை தலைகுப்புற விழுந்தால், பக்கத்தில் நிற்பவர் கை தானாக நீளும். அள்ளித் தோளில் சாத்தி, முதுகைத் தட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்து, கிடைத்த வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பெரும்பாலும் இதனால் கெடுதல் வருவதில்லை. பலத்த அடியோடு மருத்துவமனைக்கு வரும் நூறு பிள்ளைகளில் ஒருவர் இருவருக்குத்தான் கழுத்து முள்ளெலும்போ தண்டுவடமோ பாதிக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்த ஒருவர் யார் என்று விழுந்த இடத்தில் எவருக்கும் தெரியாது. அதனால் பலமாக விழுந்த பிள்ளை ஒவ்வொன்றையும், மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை, கழுத்தில் அடிபட்ட பிள்ளையாகவே கையாள வேண்டும்.

இங்கே சொல்வது எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. பெரியவருக்கான முதலுதவியை அப்படியே சின்னப் பிள்ளைக்குச் செய்தால் சில இடங்களில் கெடுதலே நேரும். அந்த இடங்களைத்தான் விரிவாகச் சொல்லியிருக்கிறது.

தலை பெரிது, கழுத்து மெலிது

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டும் நாலில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு அது ஏழில் ஒன்றோ எட்டில் ஒன்றோதான். பிறந்த பிறகு தலை வளர வேண்டிய அளவில் பாதியை ஒன்றரை வயதிலேயே எட்டிவிடுகிறது. மார்பு அந்தப் பாதியை எட்ட எட்டு வயதாகிறது. இடையில் உள்ள ஆண்டுகளில் பெரிய தலையை மெலிந்த கழுத்து சுமக்கிறது. தசைக்கு வலு போதாது, எலும்புகளைக் கட்டும் தசைநார்கள் இளக்கம், முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் பரப்பு தட்டையாக இருப்பதால் எளிதில் முன்னே வழுக்கும்.

பெரியவர் கழுத்து குனியும்போது மடிப்பு விழும் இடம் ஐந்தாவது, ஆறாவது முள்ளெலும்பு. கைக்குழந்தைக்கு அது இரண்டாவது, மூன்றாவது முள்ளெலும்பில் விழுகிறது. ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு முறிவும் கழுத்தின் மேல்கோடியில், மண்டையோட்டுக்கு அடுத்த முதல் மூன்று எலும்புகளில்தான் அதிகம். மூச்சுக்கான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு மூன்று, நாலு, ஐந்தாவது கழுத்து நரம்புகளிலிருந்து புறப்படுகிறது. அதற்கு மேலே தண்டுவடம் நசுங்கினால் கை கால் மட்டுமல்ல, மூச்சே நின்றுபோகும்.

இரண்டாவது முள்ளெலும்பின் மேல் பல் போல ஒரு முளை நிற்கிறது. அந்த முளையும் எலும்பின் உடலும் சேரும் இடம் குழந்தைப் பருவத்தில் குருத்தெலும்புதான்; அது எலும்பாக இறுகுவது மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்த முளை முறிந்தால் பெரும்பாலும் இந்தக் குருத்தெலும்புக் கோட்டிலேயே பிளந்து, முளை முன்பக்கமாகச் சாயும். கழுத்தை முன்னால் மடக்கும் எந்தச் செயலும் அந்தச் சாய்வை இன்னும் கூட்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானே விளங்கும்.

இன்னொன்று. பச்சிளங்குழந்தையின் முதுகெலும்பு வரிசையை இழுத்தால் 5 செ.மீ. வரை நீளும்; உள்ளே இருக்கும் தண்டுவடமோ 6 மி.மீ. அளவுக்கு மேல் தாங்காது. எலும்பு நீண்டு பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், நரம்பு மட்டும் அறுந்திருக்கும். இப்படி எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத தண்டுவடக் காயத்தை 1982இல் பாங், வில்பெர்கர் என்ற இரு மருத்துவர்கள் தனியாக எடுத்துக்காட்டினார்கள்.

எந்த விழுதலுக்குப் பயப்பட வேண்டும்

ஈரமான ஆத்தங்குடிக் கல் தரையில் ஓடி வழுக்கி உட்கார்ந்த பிள்ளைக்குக் கழுத்து முறிவதில்லை. பயப்பட வேண்டியவை வேறு. பழைய வீடுகளில் மேல்மாடிக்குப் போகும் செங்குத்தான மரப்படி; வற்றல் காயவைக்கப் போகும் மொட்டை மாடியில் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர்; மாமரக் கிளை. கோடையில் ஊருணித் தண்ணீர் இறங்கிவிடும். போன மாதம் ஆள் ஆழம் இருந்த இடத்தில் இடுப்பளவுதான் நிற்கும். பழகிய படியிலிருந்து தலைகீழாகப் பாயும் பிள்ளையின் உச்சந்தலை தரையில் மோதும்போது, முழு உடல் எடையும் கழுத்தின் மேல் இறங்கும். தூளி கட்டிய கொக்கியும் கயிறும் இற்று அறுவதும் உண்டு. மஞ்சுவிரட்டுத் திடலில் பிள்ளையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கூட்டத்தில் நிற்பதும் ஆபத்து: மாடு வரும் திசையில் கூட்டம் பிளந்தால் முதலில் விழுவது தோளில் இருப்பவர்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது பைக்கின் பெட்ரோல் டாங்க் மேல் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டுவது. திடீரென்று பிரேக் பிடித்தால் பிள்ளை முன்னே பறக்கும், ஓட்டுபவரின் எடை பின்னாலிருந்து அதன் மேல் விழும். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் அளவான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கி.மீ. தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2022இல் விதி கொண்டுவந்திருக்கிறது. காரில் என்றால் இரண்டு வயது வரையாவது பின்னோக்கிய குழந்தை இருக்கை. மோதலில் முன்னோக்கி உட்கார்ந்த சிறு குழந்தையின் உடலைப் பட்டை நிறுத்திவிடும், தலை மட்டும் முன்னே பாயும். பின்னோக்கிய இருக்கை தலையையும் முதுகையும் சேர்த்துத் தாங்கும். மடியில் வைத்திருப்பது எந்த வேகத்திலும் பாதுகாப்பு இல்லை.

பேசத் தெரிந்த பிள்ளை கழுத்து வலிக்கிறது என்று சொல்லும். பேசாத குழந்தையிடம் பார்க்க வேண்டியவை: தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது, கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்புவது, எழும்போதும் படுக்கும்போதும் இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொள்வது. கடைசியில் சொன்னது முளை முறிவின் நல்ல அடையாளம். தாங்காவிட்டால் வலிக்கும் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடுகிறது. தூக்கும்போது மட்டும் வீறிட்டு அழுவது, ஒரு கையைப் பயன்படுத்தாமல் தொங்கவிடுவது, கால் துவண்டு கிடப்பது, மார்பு எழாமல் வயிறு மட்டும் ஏறி இறங்குவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது சொட்டிக்கொண்டே இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தில் அடி என்றே கொள்ளுங்கள். நினைவு தடுமாறும் பிள்ளையிடம் வலி கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதையும் இதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

விழுந்ததும் கை கால் மரத்து, கரண்ட் அடித்தாற்போல் இருந்து, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று பிள்ளை சொன்னால் நிம்மதி அடையாதீர்கள். எக்ஸ்ரேயில் தெரியாத தண்டுவடக் காயம் சில பிள்ளைகளுக்கு இப்படித்தான் தொடங்கும். மணிக்கணக்கில், சிலருக்கு மூன்று நாலு நாள் கழித்துக்கூட, கை கால் விழும். அந்த ஐந்து நிமிடத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

முதல் பத்து நிமிடம்

பிள்ளை கிடக்கும் இடம் ரோட்டு நடுவிலோ தண்ணீரிலோ இல்லையென்றால் அங்கேயே கிடக்கட்டும். ஒருவர் 108க்குப் போன் செய்து, “பிள்ளை விழுந்திருக்கு, வயசு இவ்வளவு, கழுத்தில் அடி இருக்கலாம்” என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். கோயில், ஊருணி, பள்ளிக்கூடம் என்று ஏதாவது ஓர் அடையாளம் கொடுங்கள். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டியைக் கூட்டி வரட்டும்; ஒன்றுபோல் நீண்டு கிடக்கும் நம் காரைக்குடிப் பக்கத்து ஊர்த் தெருக்களில் வெளியூர் வண்டிக்கு வீடு பிடிபடாது.

இன்னொருவர் பிள்ளையின் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு முழங்கையையும் தரையில் ஊன்றி, தலையின் இரு பக்கமும் உள்ளங்கையால் தாங்க வேண்டும். காதைப் பொத்தக்கூடாது; பிள்ளைக்கு அம்மா குரல் கேட்க வேண்டும். தாங்குவது என்றால் நகராமல் நிறுத்துவது மட்டுமே, தலையை மேலே இழுப்பது இல்லை. முழங்கை ஊன்றாமல் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும், அந்த நடுக்கம் கழுத்துக்குப் போகும்.

அம்மாவோ அப்பாவோ பிள்ளையின் முகத்துக்கு நேர் மேலே வந்து நில்லுங்கள். பக்கத்தில் நின்று கூப்பிட்டால் அது தலையைத் திருப்பும். “ஆடாம படுத்துக்கடா கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன்” என்று ஒருவரே பேசட்டும். சுற்றி நின்று எல்லோரும் அழுவது பிள்ளையை எழவைக்கும்.

தலை ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தால் நேராக்காதீர்கள். கிடந்தபடியே தாங்குங்கள். துள்ளி முரண்டு பிடிக்கும் பிள்ளையைப் பலவந்தமாக அமுக்கவும் வேண்டாம். தலையை இறுகப் பிடித்து உடம்பை விட்டால், அது உதறும் வேகமெல்லாம் கழுத்தில் போய்ச் சேரும். வலியுள்ள பிள்ளை தனக்கு வலி குறைந்த நிலையைத் தானே தேடிக்கொள்ளும். அந்த நிலையில் அதை விட்டு, பேச்சால் அமைதிப்படுத்துவதே மேல்.

மூச்சுத் தடைபட்டுக் குறட்டை போலச் சத்தம் வந்தால், நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது. நெற்றியைப் பின்னே சாய்க்காமல், தலைமாட்டில் இருப்பவரே இரு கை விரல்களையும் காதுக்குக் கீழே தாடைக் கோணத்தில் வைத்து, தாடையை மட்டும் முன்னே தள்ள வேண்டும். அப்படியும் காற்று போகவில்லையென்றால் தலையைச் சிறிது சிறிதாகச் சாய்த்து மூச்சுப் பாதையைத் திறந்துவிடுங்கள். கழுத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மூச்சை விட்டுவிடக்கூடாது. மூச்சே இல்லை, அசைவும் இல்லை என்றால் மார்பு அழுத்தம் 30, வாயோடு வாய் மூச்சு 2 என்ற கணக்கில் உடனே தொடங்க வேண்டும்; நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும் அளவுக்கு. தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளைக்கு முதலில் மூச்சு ஊதிவிட்டுப் பிறகு அழுத்தம். தலைகீழாகத் தொங்கவிட்டுத் தண்ணீரை வடிப்பது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். நேரம் போகும், கழுத்தும் போகும்.

வாந்தி எடுத்தால் தலையை மட்டும் திருப்பாதீர்கள். தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் புரள வேண்டும். குடிக்கத் தண்ணீர், காப்பி, சர்க்கரை எதுவும் கொடுக்காதீர்கள். மருத்துவமனையில் மயக்க மருந்து தேவைப்படலாம்.

துண்டு தலைக்கு அடியில் இல்லை, உடம்புக்கு அடியில்

பெரியவரைப் பலகையில் மல்லாக்கக் கிடத்தினால் தலை சற்றுத் தாழ்ந்தே இருக்கும். அவருக்குத் தலைக்கு அடியில் மெல்லிய துணி வைப்பது சரி. சின்னப் பிள்ளையைச் சமதளப் பலகையில் கிடத்தினால் பின்மண்டை துருத்திக்கொண்டு தலையை முன்னே தள்ளிவிடும், மோவாய் நெஞ்சை நோக்கி இறங்கும். எந்த மடிப்பைத் தவிர்க்க வேண்டுமோ அதையே பலகை செய்துவிடுகிறது. 1989இல் அமெரிக்காவில், கழுத்து நிலை குலைந்த ஏழு வயதுக்கு உட்பட்ட பத்துப் பிள்ளைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். மார்பை உயர்த்தியதும் எலும்பு வரிசை தன் இடத்துக்கு வந்தது. உயர்த்த வேண்டிய அளவு சராசரியாக 2.5 செ.மீ.

வளவில் விரிக்கும் ஜமக்காளத்தை நீளவாக்கில் மடித்தால் இந்த உயரம் வரும். ஈரிழைத் துண்டு என்றால் இரண்டு மூன்றைச் சேர்த்து மடியுங்கள். தோளின் மேல் விளிம்பிலிருந்து இடுப்பு வரை முழு உடம்பும் அந்த மடிப்பின் மேல் கிடக்க வேண்டும். தலை மட்டும் நேரடியாகப் பலகையில். அளவு சரியா என்று பார்க்க டேப் தேவையில்லை. பக்கத்தில் குனிந்து பாருங்கள்: காதுத் துளையும் தோள் முனையும் தரைக்கு இணையான ஒரே கோட்டில் இருந்தால் சரி. பிள்ளையின் கண் நேர் மேலே, கூரையைப் பார்க்கும். காது தோளைவிட மேலே நின்றால் இன்னும் ஒரு மடிப்பு சேருங்கள். கீழே இறங்கிவிட்டால் ஒன்றை எடுங்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு மடிப்பு கூடுதலாக வேண்டியிருக்கும், ஏழு வயதுப் பிள்ளைக்குக் குறைவு.

இங்கே தவறு மூன்று விதமாக வருகிறது. ஒன்று, பாசத்தில் தலைக்குத் தலையணை கொடுப்பது. இரண்டு, கழுத்து வளைவுக்கு அடியில் துணியை உருட்டி வைப்பது. முறிந்த இடத்தையே அது நெம்பும். மூன்று, தோளுக்கு அடியில் மட்டும் திண்டு வைத்து இடுப்பை விட்டுவிடுவது. உடம்பு வளைந்து தலை பின்னால் தொங்கிவிடும்.

ஆம்புலன்ஸ் ஆட்களிடம் பெரியவருக்கான பலகைதான் இருந்தால், உடம்புக்கு அடியில் துணி மடித்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

பலகைக்கு மாற்றுவது

108 வந்துவிடும் என்றால் இதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். வழியில்லாத இடத்தில் நீங்களே செய்ய வேண்டியிருந்தால் நாலு பேர் வேண்டும். கைக்குழந்தைக்கு இரண்டு பேர் போதும். கடைப் பெஞ்சின் பலகையோ, கழற்றிய கதவுப் பலகையோ, பிள்ளையின் உயரத்தைவிட நீளமாகவும் வளையாமலும் இருந்தால் ஆகும். பாய், போர்வை, கயிற்றுக் கட்டில் ஆகாது. தூக்கியதும் நடுவில் தொய்யும்.

1. தலையைத் தாங்குபவர்தான் கட்டளை சொல்ல வேண்டும். மற்றவர் யாரும் முந்தக்கூடாது.
2. இருவர் ஒரே பக்கம் மண்டியிட்டு, ஒருவர் தோளிலும் இடுப்பிலும், மற்றவர் இடுப்பிலும் முழங்காலிலும் கை வைக்க வேண்டும். இருவர் கையும் இடுப்பில் ஒன்றையொன்று தாண்டியிருந்தால் உடம்பு நடுவில் முறுக்காது.
3. “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றதும் தலை, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து தங்கள் பக்கமாகப் புரள வேண்டும். முழுக்கப் புரட்ட வேண்டாம். பலகை நுழையும் அளவு போதும்.
4. நாலாமவர் துணி மடித்து வைத்த பலகையை முதுகோடு ஒட்டித் தள்ள, மறுபடி எண்ணிக்கையோடு கிடத்த வேண்டும். ஓரமாகக் கிடந்தால் குறுக்கே இழுக்காமல், உடம்பின் நீளவாக்கில் மேலும் கீழுமாக நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

கட்டும் வரிசை முக்கியம். முதலில் மார்பு, பிறகு இடுப்பு, தொடை, கடைசியில்தான் தலை. தலையை முதலில் கட்டிவிட்டு, வண்டி குலுங்கி உடம்பு சறுக்கினால், எல்லா இழுவையும் கழுத்தில் வந்து முடியும். மார்புக் கட்டுக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் போகட்டும். வயிற்றின் மேல் கட்டாதீர்கள், சின்னப் பிள்ளை மூச்சு விடுவது வயிற்றால்தான். தலைக்கு இரு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்து நெற்றியின் குறுக்கே அகலமான ஒட்டு. மோவாயைச் சேர்த்து ஒட்டினால் வாந்தி வரும்போது வாய் திறக்காது. மணல் மூட்டை வைக்காதீர்கள். பலகை சாய்ந்தால் மூட்டையின் எடையே தலையைப் பக்கவாட்டில் தள்ளும்.

பலகை தூக்கிச் செல்வதற்கு மட்டும். மருத்துவமனை மெத்தைக்கு மாறியதும் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் கிடந்தால் பின்மண்டையிலும் வாலெலும்பிலும் தோல் புண்ணாகும். காரைக்குடியிலிருந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 45 கி.மீ. அளவு, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை 90 கி.மீ. அளவு, மதுரைப் பயணம் பலகையில் கிடக்கும் பிள்ளைக்கு நீளமானது. மூச்சு சரியில்லாத பிள்ளையை முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டி, மூச்சை நிலைப்படுத்திய பிறகே தூரம் கொண்டுபோக வேண்டும்.

கழுத்து ஆடாமலிருக்கச் சுற்றி மாட்டும் காலர் பற்றி ஒரு வார்த்தை. அளவு சரியில்லாத காலர் இல்லாததைவிடக் கெடுதல். பெரிதாக இருந்தால் மோவாயைத் தூக்கிக் கழுத்தை இழுக்கும், அல்லது பிள்ளை அதற்குள் மோவாயைப் புதைத்துக்கொள்ளும். கடையில் விற்கும் மெத்தென்ற துணிக் காலர் முறிவை நிறுத்தாது. இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்குச் சரியான காலர் கிடைப்பதே அரிது. சுருட்டிய துண்டும் ஒட்டுமே நம்பகமானவை.

உரம் எடுப்பதும் சுளுக்கு எடுப்பதும்

கைக்குழந்தை விடாமல் அழுதால், கழுத்து ஒருக்களித்திருந்தால், “உரம் விழுந்திருக்கு” என்று சேலையில் போட்டு உருட்டும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அப்பத்தாவும் ஆச்சியும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் விழுந்த குழந்தைக்கு, எதிலிருந்து விழுந்தாலும், இதைச் செய்யவே கூடாது. முளை பிளந்து சாய்ந்திருக்கும் கழுத்தைச் சேலையில் உருட்டினால் தண்டுவடம் நசுங்கும். அழும் குழந்தையைப் பிடித்துக் குலுக்குவதும் அப்படித்தான். கழுத்தோடு மூளையிலும் இரத்தம் கசியும். சுளுக்கு எடுப்பவர், எண்ணெய் போட்டு நீவுபவர், கட்டுப் போடும் நாட்டு வைத்தியர் யாரும் படம் எடுத்துப் பார்க்கும் முன் அந்தக் கழுத்தைத் தொட வேண்டாம். கை கால் எலும்பைக் கட்டி ஆறவைத்த அனுபவம் கழுத்துக்கு உதவாது.

விழாமலேயே கழுத்து திருகிக்கொள்வதும் உண்டு. தொண்டை வலி, சளிக் காய்ச்சல், டான்சில் அறுவைச் சிகிச்சை இவற்றுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு முதல் இரண்டு முள்ளெலும்புகள் ஒன்றன் மேல் ஒன்று திரும்பிப் பூட்டிக்கொள்ளும். தலை ஒரு பக்கம் சாயும், மோவாய் மறுபக்கம் பார்க்கும். முதல் வாரத்தில் வந்துவிட்டால் வலி மாத்திரையும் காலரும் ஓய்வுமே பெரும்பாலும் போதும். ஒரு மாதம் நீவிக்கொண்டே கழித்துவிட்டு வந்தால் எடை கட்டி இழுக்கவோ அறுவை செய்யவோ நேரும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எலும்புகளுக்கு இடையே கட்டு முதலிலிருந்தே இளக்கம். அவர்களுக்குக் குட்டிக்கரணம் வேண்டாம், சின்ன விழுதலையும் பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில்

எல்லாப் பிள்ளைக்கும் சி.டி. ஸ்கேன் கேட்காதீர்கள். கழுத்து சி.டி.யின் கதிர் தைராய்டு சுரப்பியில் விழுகிறது, பிள்ளைக்கு அதன் பாதிப்பு பெரியவரைவிட அதிகம். 2024இல் அமெரிக்கக் குழந்தை அவசரச் சிகிச்சை ஆய்வுக் கூட்டமைப்பு வெளியிட்ட விதி தெளிவானது. நினைவில்லாமல் கிடக்கும் பிள்ளை, மூச்சோ இரத்த ஓட்டமோ சீர்கெட்ட பிள்ளை, கை கால் வலுவிழந்த அல்லது மரத்துப்போன பிள்ளை, இவர்களுக்கு நேராக சி.டி. இவை இல்லாமல் நினைவு மங்கல், கழுத்து வலி, பின்கழுத்தின் நடுவில் தொட்டால் வலி, தலையிலோ மார்பு வயிற்றிலோ பெரிய அடி என்று ஏதாவது இருந்தால் முதலில் எக்ஸ்ரே. எதுவுமே இல்லையென்றால் படமே வேண்டாம். கை கால் மரத்த கதை இருந்து எக்ஸ்ரேயும் சி.டி.யும் சுத்தமாக இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவை, தண்டுவடமும் தசைநாரும் அதில்தான் தெரியும்.

சிற்றூர்க் கிளினிக்கில் எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் சில அளவுகள் கைவசம் இருக்க வேண்டும். இரண்டாவது முள்ளெலும்பு மூன்றாவதன் மேல் 3, 4 மி.மீ. முன்னே நிற்பது எட்டு வயதுக்குள் இயல்பாகவே காணப்படும். இயல்பா முறிவா என்று பிரிக்க, முதல் முள்ளெலும்பின் பின்வளைய முன்விளிம்பிலிருந்து மூன்றாவதன் பின்வளைய முன்விளிம்புக்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டாவதன் பின்வளையம் அந்தக் கோட்டிலிருந்து 2 மி.மீ.க்கு மேல் விலகினால் முறிவைத் தேட வேண்டும். முளைக்கும் முதல் முள்ளெலும்பின் முன்வளையத்துக்கும் இடைவெளி பெரியவருக்கு 3 மி.மீ. வரை, பிள்ளைக்கு 5 மி.மீ. வரை. முளையின் அடியில் தெரியும் வழுவழுப்பான குறுக்குக் கோடு ஆறு வயது வரை வளர்ச்சிக் கோடாகவே இருக்கலாம். கோடு விரிந்தோ முளை சாய்ந்தோ இருந்தால்தான் முறிவு. அழும்போது எடுத்த படத்தில் தொண்டைக்குப் பின்னுள்ள தசை தடித்துத் தெரியும். வீக்கம் என்று முடிவு கட்டும் முன் பிள்ளை அமைதியானதும் இன்னொரு படம் எடுங்கள். வாயைத் திறந்து எடுக்கும் படம் ஐந்து வயதுக்குள் சரியாக வராது, அதற்காகப் பிள்ளையைப் பாடுபடுத்த வேண்டாம்.

இரத்த அழுத்தம் குறைந்து, நாடியும் மெதுவாக ஓடினால் அது இரத்தம் போனதால் மட்டும் வந்ததாக இருக்காது. இரத்தம் போனால் நாடி வேகமெடுக்கும். அழுத்தமும் நாடியும் சேர்ந்து குறைவது தண்டுவடக் காயத்தின் முத்திரை.

சாலை விபத்து என்றால், 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கொடுக்கிறது. அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காப்புக் கொடுத்திருக்கிறது.

ஹாலோ போட்ட பிள்ளை வீட்டில்

குருத்தெலும்புக் கோட்டில் வரும் முளை முறிவு, நேராக நிறுத்தி வைத்தால், பெரும்பாலும் அறுவை இல்லாமலே கூடும். அப்படி நிறுத்துவதற்குத்தான் தலையைச் சுற்றி உலோக வளையமும் மார்பில் உள்ளாடை போன்ற கூடும் இணைந்த ஹாலோ. பெரும்பாலும் 10, 12 வாரம். பெரியவருக்கு நாலு திருகூசி போதும். பிள்ளையின் மண்டையோடு மெல்லியது. அதனால் எட்டு முதல் பன்னிரண்டு ஊசி, ஒவ்வொன்றும் மிகக் குறைந்த அழுத்தத்தில். ஊசி எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பிள்ளையின் நன்மைக்கே.

ஊசி இறங்கும் ஒவ்வோர் இடத்தையும் தினமும் உப்புக் கரைசலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஓர் ஊசிக்கு ஒரு குச்சி. ஒன்றில் தொட்டதை அடுத்ததில் வைத்தால் கிருமி பரவும். மஞ்சள், நல்லெண்ணெய், விபூதி எதுவும் அங்கே படக்கூடாது. சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், ஊசியில் ‘கிளிக்’ என்ற சத்தம் கேட்டால், புதிதாக வலித்தால் அன்றே மருத்துவமனை. வீட்டில் திருகி இறுக்காதீர்கள். மெல்லிய எலும்பைத் தாண்டி ஊசி உள்ளே போய்விடும். மார்புக் கூட்டைத் திறக்கும் ஸ்பானர் எப்போதும் அந்தக் கூட்டின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். மார்பை அழுத்த வேண்டிய அவசரம் வந்தால் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

நம் ஊர் வெயிலில் பெரும்பாடு வியர்வைதான். மார்புக் கூட்டின் உள்துணி நனையக்கூடாது. குளிப்பாட்ட வேண்டாம், பிழிந்த துணியால் முகம், கை, இடுப்புக்குக் கீழே துடையுங்கள். கூட்டுக்குள் உலர்ந்த மெல்லிய துணியை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுத்து எடுங்கள், டார்ச் அடித்துத் தோலைப் பாருங்கள். பவுடர் போட்டால் வியர்வையில் கட்டியாகி உறுத்தும். குலதெய்வக் கோயிலில் முடியிறக்க வேண்டுதல் இருந்தால் ஹாலோ கழற்றி ஊசித் தழும்பு முழுதும் ஆறிய பிறகு நிறைவேற்றுங்கள்.

பிள்ளையை ஹாலோக் கம்பியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இடுப்பிலும் முதுகிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். தலை குனிய முடியாததால் கால் எங்கே படுகிறது என்று அதற்குத் தெரியாது. நிலைப்படி உயரமான வீடுகளில் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் கை பிடிக்க வேண்டும். தலை பாரம் கூடியிருப்பதால் எளிதில் தள்ளாடும். சாப்பாடு நிமிர்ந்து உட்கார வைத்தே: குழைந்த சோறு, இட்லியைச் சின்னத் துண்டாக, கஞ்சி. தண்ணீர் ஸ்ட்ராவில். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். புரையேறினால் குனிந்து இருமக்கூட அதனால் முடியாது. முறுக்கு, வேர்க்கடலை, முழுத் திராட்சை அந்த மூன்று மாதம் வேண்டாம்.

கழற்றிய அன்று கழுத்து விறைத்துத்தான் இருக்கும், தலை கனக்கிறது என்று பிள்ளை அழும். சில வாரம் காலர் போட்டுப் படிப்படியாகக் குறைப்பார்கள். எலும்பு கூடிவிட்டதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் பார்த்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே சைக்கிள், கபடி, ஊருணிக் குளியல். அதுவரை பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியரிடமும் வேன் ஓட்டுநரிடமும் சொல்லி வையுங்கள். கையில் குறுகுறுப்பு, நடையில் தடுமாற்றம், புதிதாகப் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள்.